தண்டர் ஃபோரின் பிரியாவிடைகள்

போன மாதம் பதுளையில் இளைஞர்கள் சிலர் நடத்திய இசை விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். 'மலையகத்தின் முதல் ராக் இசைக்குழுவைத் தொடங்கிய முன்னோடி' என்று அறிவிப்பாளர் என்னை அறிமுகப்படுத்தினார். நல்ல கைதட்டல். அது முதல் குழுவா என்று எனக்குத் தெரியாது. அதை நான் தொடங்கவும் இல்லை. என் தொழில் மெல்லிசை. நாதமலர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்துத்தான் குடும்பம் நடத்தினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஊவா மாகாணத்தில் நான் வாசிக்காத கோயில் திருவிழாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பற்றி அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வருஷம்கூட நிற்காத, நாலே நாலு மேடை ஏறிய ஒரு குழுவுக்காகத்தான் பொன்னாடை. கீழே இறங்கியதும் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு, "அங்கிள், அந்த பேண்ட் கதையச் சொல்லுங்க" என்றார்கள். அவர்கள் வைத்திருந்த ஸ்பீக்கர்களின் சத்தத்தில் எதுவும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஹாலிஎலக்காரன். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். நானும் அந்த வேலைக்கே போவேன் என்று நம்பிக்கொண்டிருந்தார். பரீட்சையில் தோற்று அவருடைய நம்பிக்கையைக் கெடுத்தேன். மாதா கோயிலில் கிட்டார் வாசித்த ஒருவரிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டேன், மிச்சத்தை ரேடியோ கற்றுக்கொடுத்தது. நாதமலரில் பேஸ் வாசித்தவர் கலியாணம் முடித்துக்கொண்டு கொழும்புக்குப் போனார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். சேர்த்துக்கொண்டார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

நாதமலரை நடத்தியவர் சுப்பையா மாஸ்டர். முன்பு தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். ஆர்மோனியமும் வயலினும் வாசிப்பார். குழுவில் எல்லாரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "தம்பி, கொஞ்சம் தயவு பண்ணி சுருதியோட வாசிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டுவிட்டால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது.

ஒரு தோட்டத்துக்கு வாசிக்கப் போனால் அவர் வைத்த ஒழுங்கு ஒன்று உண்டு. வேனிலிருந்து இறங்கியதும் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் தேத்தண்ணியோடு வருவார்கள். மாஸ்டர் கும்பிட்டுவிட்டு, "இருக்கட்டுங்க, அப்புறம்" என்பார். முதலில் கரண்டைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களில் கரண்ட் ஏது? தேயிலை ஃபேக்டரியிலிருந்து கம்பி இழுத்துத் தருவார்கள். மாஸ்டர் அந்தக் கம்பியில் ஒரு பல்பை மாட்டி, அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பல்பு மங்கி மங்கி மூச்சு வாங்கினால் ஆம்ப்ளிஃபையரைத் தொட விடமாட்டார். ஃபேக்டரிக்கு ஆள் அனுப்பி, அங்கே எந்த மெஷின் ஓடுகிறது என்று விசாரிப்பார். பல்பு அடங்கிய பிறகு ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார். நாங்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய்ச் சுருதி சேர்க்க வேண்டும். அவர் கண்ணைத் திறந்தால் சரியில்லை என்று அர்த்தம், தலையை அசைத்தால் அடுத்த ஆள். எல்லாரும் முடித்த பிறகுதான் தேத்தண்ணி. அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். பிறகு வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. முதல் பாட்டு பிள்ளையாருக்கு.

எங்கள் ஆம்ப்ளிஃபையர்களில் சத்தத்தைக் கூட்டும் திருகுக்குப் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தார். அதற்கு மேலே யாரும் திருப்பக் கூடாது. புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எங்களில் பலர் யோசித்ததும் இல்லை. யோசித்தவன் அந்தோணி.

அந்தோணி நமுனுகுல பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அங்கேயே ஃபேக்டரியில் மெக்கானிக்குக்கு உதவியாள். நாதமலரில் லீட் கிட்டார். என்னைவிட வயதில் இளையவன், கையில் என்னைவிட மூத்தவன். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காத எழுபதுகளின் முற்பகுதி அது. கிட்டார் கம்பி அறுந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய கம்பிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அழுக்கை எடுத்து மறுபடியும் மாட்டுவோம். அந்தோணி சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரித்து, அதிலிருந்து ஒற்றை இழையை எடுத்து முதல் கம்பியாக மாட்டிக்கொள்வான். விரல் கிழியும், ஆனால் சத்தம் வரும். ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காகிதத்தைப் பிளேடால் கீறி, அதன் வழியாகக் கிட்டாரைக் கேட்க வைத்தான். மரம் அறுக்கிற வாளும் பூனையும் சேர்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. கேட்டுவிட்டு என்னிடம், "வெளிநாட்டு ரேடியோவுல இதே சத்தந்தாண்ணே வருது" என்றான், மிகுந்த திருப்தியோடு.

இவர்களோடு நிசார். எங்கள் டிரம் வாத்தியக்காரன். பதுளை கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒருவருடைய மகன். நாதமலரில் வாசிப்பதையே அவனுடைய வாப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பொறுத்துக்கொண்டார். மாஸ்டர் மரியாதையான மனுஷன் என்ற ஒரே காரணத்துக்காக.

அந்தோணியின் அப்பா எப்போதோ இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று எங்கள் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட காலம். அந்தக் குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கிளம்புகிற தேதி மட்டும் வர வேண்டியிருந்தது. ஒருநாள் பண்டாரவளையில் கலியாணம் ஒன்றுக்கு வாசித்துவிட்டுத் திரும்புகையில், வேனில் அந்தோணி இதைச் சொன்னான்.

"எந்த ஊருக்குடா போறீங்க?" என்று நிசார் கேட்டான்.

"திருச்சிப் பக்கமாம். அப்பாவும் பாத்ததில்ல. அவரும் இங்கதான் பொறந்தாரு."

பிறகு அவனே, "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ நல்லா சத்தமா வாசிச்சுட்டுப் போகணும்ண்ணே. அந்தச் செவப்புப் புள்ளிய மறந்துட்டு" என்றான்.

அப்படித்தான் அந்தக் குழு உருவானது. பெயர் வைத்தது நிசார். 'தண்டர் ஃபோர்', அதாவது இடி நால்வர். நாங்கள் மூன்று பேர்தானே என்று கேட்டதற்கு, வெளிநாட்டில் இந்த மாதிரிக் குழுக்களில் நாலு பேர் இருப்பார்கள், நாலாவது ஆள் தானாக வருவான் என்றான். தோட்டத்து ஜனங்கள் அந்தப் பெயரைத் 'தண்டப்போர்' என்று சொன்னார்கள். கேட்டுப் பழகிய பிறகு அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

மாஸ்டருக்குத் தெரியக் கூடாது. நிசாருடைய வாப்பாவுக்கும் தெரியக் கூடாது. ஆகவே வாப்பாவின் துணிக் குடோனிலேயே ஒத்திகை பார்த்தோம், கடை பூட்டியிருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில். கூரைவரை துணிப் பேல்கள். எவ்வளவு அடித்தாலும் சத்தத்தைத் துணி குடித்துவிடும். வெளியே ஒரு பூச்சிக்கும் கேட்காது. அதில் ஒரு சங்கடம் இருந்ததை அப்போது நாங்கள் உணரவில்லை. எங்கள் சத்தம் எவ்வளவு என்று எங்களுக்கே தெரியாமல் போயிற்று.

அந்தோணிக்கு இங்கிலீஷ் பாட்டுகளின் மெட்டு தெரியும், வார்த்தை தெரியாது. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஃபேக்டரி இங்கிலீஷ். அதனால் ரோலர், டிரையர், சிஃப்டர், பெல்ட் என்று மெஷின்களின் பெயர்களையே மெட்டில் போட்டுப் பாடினான். நன்றாகவே உட்கார்ந்தது.

முதல் நிகழ்ச்சி அவனுடைய தோட்டத்தில், அவனுக்கே பிரியாவிடையாக. ஃபேக்டரி ஓய்ந்திருந்த ஒரு ஞாயிறு பின்னேரம், பெரட்டுக் களத்தில். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு பெண்களும், பாயோடு வயசான ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள். நிசார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டான், அடையாளம் தெரியக் கூடாதாம். அவன் பெட்டியை இறக்குவதற்குள் ஒருவர், "நம்ம துணிக்கட மொதலாளி மகன்தானே?" என்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

ஆரம்பித்தோம். துணிப் பேல் இல்லாத வெளியில் அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்து எங்களையே அடித்தது. ஜனங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் தோட்டத்துக் கமிட்டித் தலைவர் மேடைக்கு வந்து, என் காதருகே, மிகுந்த கரிசனத்தோடு, "செட்டு ரிப்பேரா தம்பி? ஆளக் கூட்டியாரவா?" என்று கேட்டார்.

இரண்டாவது பாட்டில் அந்தோணி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "டிரையர்! டிரையர்!" என்று தொண்டை கிழியப் பாடினான். ஃபேக்டரியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த டீமேக்கர் ஐயா முன் வரிசையில் இருந்தவர், எழுந்து ஃபேக்டரிப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். டிரையரில் நெருப்புப் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். திரும்பி வந்து, ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் கையால் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு ஃபேக்டரியில் வேலை செய்த பையன்கள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். தங்களுடைய மெஷின்களின் பெயரை யாராவது பாடி அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

கடைசியில் அந்தோணியின் அம்மா மேடைக்கு வந்து ஜனங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவ்வளவுதான், களம் முழுக்க அழுகை. லயம் லயமாக வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். கம்பளி, எவர்சில்வர் தூக்கு, சேலை என்று சாமான்கள் சேர்ந்தன. நாங்களும் அழுதோம். ராக் குழுவுக்குப் பொருத்தமில்லைதான்.

தேதி வரவில்லை.

மழை வந்தது, போனது, தேதி வரவில்லை. இதற்குள் பண்டாரவளையில் சில பையன்கள் கேள்விப்பட்டு ஒரு மண்டபத்தை ஏற்பாடு செய்தார்கள். நோட்டீசில் 'பிரியாவிடை நிகழ்ச்சி' என்று போட்டார்கள். கூட்டம் நல்ல கூட்டம். சத்தம் பிடிக்காதவர்கள்கூட வந்திருந்தார்கள். போகிற பிள்ளையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்தவர்கள் அவர்கள். பிறகு ஹாலிஎலயில் மூன்றாவது. அதற்கும் 'பிரியாவிடை' என்றே போட்டார்கள், ஆனால் முன்னால் 'இறுதி' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். அங்கே பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர் சிரித்தார்கள்.

அதன் பிறகு அந்தோணிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. பஸ்சில் ஏறினால், "இன்னுமா போகல?" சலூனில் உட்கார்ந்தால், "இந்தத் தடவ நெசமாவா?" கம்பளி கொடுத்த வீட்டுக்காரர்கள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் குளிர் நாட்களில் அவன் அதைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கவும் முடியவில்லை. வேலைத்தலத்திலும் ஒரு மாதிரி. போகப்போகிறவனுக்கு எதற்குப் புது வேலை பழக்க வேண்டும் என்று மெக்கானிக் அவனை ஒதுக்கினார். நாதமலர் நிகழ்ச்சிகளுக்கு வந்தால் பின்னால் போய் நின்றுகொண்டு வாசித்தான். கை மட்டும்தான் வாசித்தது.

ஒருநாள் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, போகவும் வெக்கமா இருக்கு, இருக்கவும் வெக்கமா இருக்கு" என்றான். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

அடுத்த வாரம் மாஸ்டர் எங்கள் மூன்று பேரையும் மட்டும் ஒத்திகை அறைக்கு வரச் சொன்னார். பதுளையில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறை. ஏணிப்படியில் ஏறும்போதே நிசார், "மச்சான், முடிஞ்சிச்சு" என்றான். மாஸ்டர் ஆர்மோனியத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க மூணு பேரும் தனியா வாசிக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்."

மரியாதை கூடிவிட்டதைக் கவனித்து நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

"நாலு பேருன்னு பேரு வச்சிருக்கீங்க. நாலாவது ஆளு யாருங்க?"

"இன்னும் யாரும் வரல மாஸ்டர்" என்றேன்.

"அப்ப நான் வரலாங்களா?"

நிசார் என்னைப் பார்த்தான். நான் அந்தோணியைப் பார்த்தேன். அந்தோணி தரையைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லத் துணிந்தவர் யாரும் அந்தக் குழுவில் இல்லை. மாஸ்டரை எதிர்ப்பதற்காகத்தான் அதைத் தொடங்கியிருந்தோம் என்பது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை தோறும் ஒத்திகை என்றார். வயலினோடு வந்தார். எங்களுடைய பாட்டுகளை ஒருமுறை முழுக்கக் கேட்டார். கண்ணை மூடவே இல்லை. பிறகு அந்தோணியிடம், "தம்பி, அந்த இரைச்சல் ஒண்ணு வருதுங்களே, அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?" என்று கேட்டார்.

"அது முடியாது மாஸ்டர். செட்ட ஆஃப் பண்ணாத்தான் முடியும்."

"அப்படிங்களா. எட்டு ஆவர்த்தனத்துல முடிச்சுக்குவோம்."

டிரையர் பாட்டை மோகனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார். ரோலருக்கும் சிஃப்டருக்கும் நடுவே வயலின் வந்தது. இரண்டு மூன்று வாரத்தில் நிசார் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு டிரம் வாசித்தான். இடி, தூறலாகிவிட்டது. நாங்கள் வெறுத்துப்போய், ஆனால் பிழையில்லாமல் வாசித்தோம். மாஸ்டர் வந்த செய்தி கேட்டு நிசாருடைய வாப்பா குடோனைத் தாமே திறந்து கொடுத்து, தேத்தண்ணியும் அனுப்பினார். ராக் குழு என்ற பெயருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது என்று நிசார் சொன்னான்.

நாலாவது நிகழ்ச்சிக்குப் பதுளையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னால் அதன் கைப்பிரதியை நிசார் மாஸ்டரிடம் காட்டினான். வழக்கம்போல 'பிரியாவிடை' என்று எழுதியிருந்தான். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அந்தச் சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில், 'முதல் நிகழ்ச்சி' என்று எழுதினார்.

"மாஸ்டர், இது நாலாவதுங்களே" என்றான் நிசார்.

"நாலு பேரா வாசிக்கிறது இதுதானே தம்பி முதல்? இனிமே யாரும் அந்தோணிகிட்ட இன்னும் போகலியான்னு கேக்க மாட்டாங்க. இப்பதான தொடங்கியிருக்காரு."

அந்தோணி அந்தப் பக்கம் திரும்பி, அறுந்திராத ஒரு கம்பியை மாற்ற ஆரம்பித்தான். அப்போதுதான், எங்களைக் கெடுக்க அல்ல, அவனுக்காக மாஸ்டர் வந்து சேர்ந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அதற்காக எங்கள் ராக் சங்கீதத்தை அவர் கொன்றது மன்னிக்கத்தக்கதா என்று நிசார் பல வருஷம் என்னோடு வாதாடினான்.

அந்த நிகழ்ச்சி பெரிய வெற்றி. பிள்ளையார் பாட்டோடு தொடங்கியது. பெரியவர்கள் முதல் தடவையாகக் கடைசிவரை இருந்தார்கள். யாரும் அழவில்லை, யாரும் கம்பளி கொண்டுவரவில்லை. அந்தோணி மேடையின் முன்னால் வந்து நின்று வாசித்தான். முடிந்ததும், "அடுத்தது எப்ப?" என்று ஜனங்கள் அவனிடம் கேட்டார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவனிடம் யாரோ சாதாரணக் கேள்வி கேட்டார்கள். பசறைப் பக்கத்திலிருந்து ஒரு கோயில் கமிட்டிக்காரர் வந்து மாஸ்டரின் விலாசத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரத்திலேயே தேதி வந்துவிட்டது.

பதுளை ஸ்டேஷனில் அந்தக் காலத்தில் கோச்சி கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டம் தோட்டமாக ஜனங்கள் வந்து, போகிறவர்களின் கால்களைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். எஞ்சின் சத்தத்தைவிட அது பெரிதாக இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். மாஸ்டர், நிசார், நான், மூன்று பேரும் போயிருந்தோம். அந்தோணியின் குடும்பம் பெட்டி சட்டிகளோடு ஒரு தூணடியில் நின்றது. கிட்டாரைத் தோட்டத்தார் கொடுத்த கம்பளியில் சுற்றி வைத்திருந்தான். அவர்களைச் சுற்றி மட்டும் எங்களைத் தவிர யாரும் இல்லை.

அந்தோணியின் அம்மா ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாஸ்டரிடம், "பாத்தீங்களா ஐயா. அன்னைக்குக் களத்துல அத்தன பேரு அழுதாங்க. இன்னைக்கு ஒருத்தரக் காணோம்" என்றார்.

"அவங்க அழுது முடிச்சிட்டாங்கம்மா" என்றான் அந்தோணி.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. போய் வா என்பதற்கு எத்தனை விதம் உண்டோ அத்தனையையும் மைக்கில் சொல்லித் தீர்த்திருந்தோம். நிசார் அவன் தோளில் கையைப் போட்டான், எடுத்தான், மறுபடியும் போட்டான். மாஸ்டர் தம்முடைய வயலினுக்கு வைத்திருந்த நல்ல கம்பிகளை ஒரு தாளில் சுற்றி அவனுடைய சட்டைப் பையில் வைத்தார். அவை கிட்டாருக்குப் பொருந்தாது என்று அவர் அறியாதவர் அல்ல.

பக்கத்து ரயில் பெட்டியடியில் ஒரு வயதான பெண் தன் மகளை வழியனுப்ப வந்து அழுதுகொண்டிருந்தார். எங்களுக்கு முன்பின் தெரியாதவர். அழுது ஓய்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர், தனியாக நின்ற அந்தோணியின் அம்மாவைப் பார்த்தார்.

"எந்தத் தோட்டம்மா நீங்க?"

"நமுனுகுல பக்கம்."

"ஒங்கள அனுப்ப ஆளு வரலியா?"

அம்மா வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் கிட்ட வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பெயர்கூடக் கேட்காமல், தன் மகளுக்கு அழுத அதே குரலில் ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். அந்தோணியின் அம்மா அப்போதுதான் உடைந்து அழுதார். அவர் அதற்குத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. அந்தோணி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்பதாண்ணே போற மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏறினான்.

தண்டர் ஃபோர் அதோடு முடிந்தது. கலைத்துவிட்டோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு யாரும் போகவில்லை, அவ்வளவுதான். நாதமலருக்கு வேறொரு லீட் கிட்டார் வந்தான், ஒழுங்கான பையன். அந்தோணி திருச்சிப் பக்கம் எங்கேயோ வாசிக்கிறான் என்றும், அங்கே அவனைச் 'சிலோன்காரன்' என்று கூப்பிடுகிறார்கள் என்றும் பிறகு யாரோ சொல்லக் கேள்வி.

அவன் போன மாதத்திலேயே பசறைக் கமிட்டிக்காரர் மாஸ்டரைத் தேடி ஒத்திகை அறைக்கு வந்தார். நானும் இருந்தேன். திருவிழாவுக்கு அந்த இடிக் குழுதான் வேண்டும் என்றார்.

"அது இப்ப இல்லீங்க" என்றார் மாஸ்டர்.

"ஏங்க? அந்தத் தம்பி போயிட்டாரா?"

"போயிட்டாரு."

கமிட்டிக்காரர் மாஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஹாலிஎலயில் நடந்த 'இறுதிப் பிரியாவிடை'க்கும் அவர் வந்திருந்தவர். விஷயம் தெரிந்தவர் மாதிரி மெல்லச் சிரித்துக்கொண்டு எழுந்தார்.

"சரிங்க. திரும்பி வந்தவுடனே சொல்லி அனுப்புங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "கட்டாயம் சொல்றேங்க" என்று கைகூப்பிவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.